ரீக்கா அம்மாவின் யன்னலோரக் கதிரை

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன். இன்னொரு வீட்டுக் கதையை நான் எப்படி எழுதுவது என்று திரும்ப வைத்துவிடுவேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எங்கள் வீட்டுக் கதையில் பிழை விட்டால் என் வீட்டுக்காரர் மட்டும்தான் கோபிப்பார். இன்னொரு வீட்டு அம்மாவைப் பற்றி எழுதிப் பிழை விட்டால் அந்த அம்மாவே மேலிருந்து பார்ப்பார் என்று பயம்.

போன கிழமை இந்தத் தொடரில் எங்கள் முதல் குளிர்காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதை என் மகள் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டியிருக்கிறாள், பக்கத்து வீட்டு ரீக்கா அம்மாவின் மகள் யானிக்கு. அன்று பின்னேரமே யானி தொலைபேசி எடுத்தார்.

“பரஃபின் அடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். என்ரை அம்மாவைப் பற்றி எப்ப எழுதப் போறாய்?”

“எழுதலாமோ?”

“எழுது. ஆனா அம்மாவை நல்லவவாக்கிப் போடாதை. இருந்த மாதிரியே எழுது.”

அந்த வீட்டார் எங்களோடு பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். எனக்கு அது என் தமிழில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். முருகா, நீதான் கைபிடிக்க வேண்டும்.

பேக்கரி வாசலில் பட்டுச் சேலை

ஒரு சனிக்கிழமை காலை. தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு பேக்கரிக் கடை வாசலில் நானும் என் வீட்டுக்காரரும் நிற்கிறோம்.

நான் மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டி, மேலே குளிருக்குப் பெரிய கோட்டுப் போட்டிருக்கிறேன். இவர் எங்கள் கலியாண வரவேற்புக்குத் தைத்த கோட்டுச் சூட்டுப் போட்டிருக்கிறார். பொத்தான் பூட்டவில்லை, பூட்ட ஏலாது. என் கையில் எங்கள் கலியாணத்துக்கு மாமா தந்த வெள்ளித் தட்டம். அதில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம், கற்கண்டு.

கடையிலிருந்து பாணும் கையுமாக வெளியே வருகிறவர்கள் எல்லோரும் எங்களைச் சுற்றிப் போகிறார்கள். சுடச் சுடப் பாண் வாசம், பக்கத்துக் கடை வாசலில் குவிந்த கொத்தமல்லி வாசம், என் தட்டத்துச் சந்தன வாசம், எல்லாம் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறுகிறது.

“இஞ்சை பாரும், இன்னும் ஒண்டும் கெட்டுப் போகேல்லை,” என்றார் இவர் மெதுவாக. “ரெண்டு பாணை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவம்.”

“நீங்கள் பாணை வாங்குங்கோ. நான் சொல்லிப்போட்டு வாறன்.”

“மற்றவையின்ரை குடும்பத்துக்குள்ளை கால் வைக்கிறம், தெரியுமோ உமக்கு?”

“கால் வைக்கேல்லை. தட்டந்தான் வைக்கிறன்.”

கடைக் கதவில் கை வைத்தேன். அதைத் தள்ளித் திறப்பதற்கு முன், அங்கே நாங்கள் ஏன் போய் நின்றோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வேலிக்கு மேலால் போஞ்சி

எண்பதுகளின் நடுவில்தான் நாங்கள் மனோர் பார்க்கில் வீடெடுத்து வந்தோம். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று. இந்தப் பக்கம் ஒரு சுவர் எங்களுக்கும் ரீக்கா அம்மாவுக்கும் பொது. அவர் வீட்டில் கதிரை இழுத்தால் எங்கள் சாமிப்படம் லேசாக ஆடும்.

அவரை முதலில் பார்த்தது பின்வளவில். எண்பதைத் தொடப்போகிற வயது. நெடிய எலும்பு, நீலக் கண், தலையில் கட்டிய துணி. தடி நட்டு ஏதோ கொடி படரவிட்டிருந்தார். நான் வேலியால் எட்டிப் பார்த்து இவரிடம், “போஞ்சி போட்டிருக்கிறா,” என்றேன்.

அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். “என்ன சொன்னாய்? திரும்பச் சொல்லு.”

“போஞ்சி.”

அவர்களுடைய டச்சு மொழியிலும் பீன்ஸுக்குக் கிட்டத்தட்ட அதே பெயர்தானாம். எங்கள் ஊரை ஒல்லாந்தர் ஆண்டபோது விட்டுவிட்டுப் போன சொல் என்று இவர் விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் ஒரு கோட்டை கட்டினார்கள் என்றும் சொன்னார். ரீக்கா அம்மா, “கோட்டைக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. போஞ்சியை வைச்சுக்கொள்ளுங்கோ,” என்று ஒரு கை நிறையப் பிடுங்கி வேலிக்கு மேலால் நீட்டினார்.

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஒல்லாந்து அம்மா.

அவர் பிறந்தது ஒல்லாந்தில். தகப்பன், விலாங்கு மீனை உயிரோடு தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு தேம்ஸ் ஆற்றுக்கு வரும் படகில் வேலை செய்தவர். ஒரு முறை வந்தவர், அடுத்த முறை பெண்சாதி பிள்ளைகளோடு வந்து இறங்கிவிட்டார். ரீக்கா அம்மா அப்போது சின்னப் பிள்ளை. படகில் தான் விலாங்குத் தொட்டிக்கு மேல் படுத்து வந்ததாகவும், இரவிரவாக முதுகுக்குக் கீழே மீன்கள் நெளிந்ததாகவும் சொல்வார்.

“எங்களையும் அப்பிடித்தான் ஏத்தி விட்டவை, அம்மா. மீன்தான் இல்லை,” என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அகதியாக வந்த கதையில் சிரிக்கவும் இடமிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

பாண் சுடும் ஒரு ஒல்லாந்துக்காரரைக் கட்டினார். கிழக்கு லண்டனில் குண்டு விழுந்த காலத்திலும் அந்த அடுப்பு அணையவில்லையாம். ஆறு பிள்ளைகள். அதில் ஒன்று குழந்தையிலேயே ஆண்டவரிடம் போய்விட்டது. யாரும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஆறு என்றுதான் சொல்வார். அவர் கணக்கில் யாரும் குறைவதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. ஒவ்வொரு சாப்பாடு முடியவும் கோப்பை கழுவுவதற்கு முன் வேதத்தில் ஒரு பகுதி வாசிப்பார். விருந்தாளி இருந்தாலும் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை துணி காயப் போடமாட்டார், கடைக்குப் போகமாட்டார், தையல் ஊசியைத் தொடமாட்டார். உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோலுரித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்.

நான் வெள்ளிக்கிழமை விரதம் என்று அறிந்ததும் அவருக்கு என்னில் ஒரு மதிப்பு வந்துவிட்டது. “உனக்கு வெள்ளி, எனக்கு ஞாயிறு. நடுவிலை சனிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டைக் கூட்டுவம்,” என்பார்.

பிஸ்கற் டின்

அந்த வீட்டில் கோப்பி குடிக்கப் போனால் ஒரு டின் திறக்கும். ஆளுக்கு ஒரு பிஸ்கற். ஒன்றே ஒன்று. பிறகு மூடி ‘டக்’ என்று மூடிவிடும். நாளைக்குத்தான் திறக்கும்.

எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர் போதும் போதும் என்று கையால் மறிக்க, அந்தக் கைக்கு மேலாலேயே இன்னொரு வடையை வைத்தால்தான் உபசாரம். ரீக்கா அம்மா எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது ஒரு வடை சாப்பிட்டார். இரண்டாவதை நான் வைத்தேன். மூன்றாவதையும் வைத்தேன். பாவம், வைத்ததை மிச்சம் விடுவது பாவம் என்று வளர்ந்த மனுசி. எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லையாம். யானி பிறகு சொன்னார்.

எங்கள் வீட்டில் இவர் அந்த டின்னை ஒரு பகிடியாகவே ஆக்கிவிட்டார். இரண்டாவது கரண்டி சோறு நான் போடாமல் எழும்பினால், “டக்!” என்பார்.

ஆனால் என் இளைய மகள் பிறந்தபோது என்னைப் பார்க்க அம்மா இல்லை, அக்கா இல்லை. ஊரில் சண்டை, கடிதமே வராத காலம். மருத்துவமனையால் வீட்டுக்கு வந்த அன்று கதவு தட்டிக் கேட்டது. ரீக்கா அம்மா. கையில் ஒரு தட்டு. மொறுமொறுப்பான ரஸ்க்கில் வெண்ணெய் பூசி, மேலே வெள்ளையும் ரோசாவுமாகச் சீனி பூசிய சின்ன விதைகள்.

“பிள்ளை பிறந்த வீட்டிலை இதுதான் சாப்பிடவேணும். பால் சுரக்கும்.”

கடித்துப் பார்த்தேன். பெருஞ்சீரக வாசம்! எங்கள் ஊரில் பிள்ளை பெத்த ஆளுக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்கில் வருகிற அதே வாசம். நான் ரஸ்க்கை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, குழந்தையைக் குளிக்க வார்க்கத் தண்ணீர் சூடாக்கப் போய்விட்டார். குழந்தை தலை நிமிரும்வரை தினமும் வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

“ஞாயிறு வேலை செய்யக்கூடாதே, அம்மா?”

“இது வேலையோ?” என்றார்.

சொல்லாமல் எப்படிப் போவது?

இனித்தான் பிறந்தநாள்.

நாங்கள் வந்த முதல் வருடம் ஒரு நாள், அந்த வீட்டுக்குக் கார் காராக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பூங்கொத்து, கேக், பிள்ளை குட்டி. அவர்கள் யன்னல் திரை எந்நேரமும் திறந்துதான் இருக்கும், ஒல்லாந்துப் பழக்கம். தெருவில் நின்று பார்த்தாலே தெரிந்தது, முன்னறையில் சுவரோரமாகக் கதிரைகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றுமில்லை. ஒரு கூட்டம் மாதிரி.

“அம்மாவின்ரை பிறந்தநாள் போல கிடக்கு,” என்றேன்.

“எங்களுக்குச் சொல்லேல்லையே,” என்றார் இவர்.

“போய் ஒரு வாழ்த்துச் சொல்லிப்போட்டு வருவமோ?”

“சொல்லாமல் எப்பிடிப் போறது? சாப்பாட்டுக்கு வந்தவை எண்டெல்லோ நினைப்பினம்.”

எங்களில் நல்ல காரியம் என்றால் வீட்டுக்கு வந்து, ஆளைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். அழைப்பிதழைத் தபாலில் போட்டாலே கோபித்துக்கொண்டு வராமல் விடும் சித்தப்பாமார் எங்களுக்கு உண்டு. எனக்கு உள்ளுக்குள் சரியான மனவருத்தம். சுவருக்கு அப்பால் ஆட்கள் பாடுவது கேட்டது. நான் ரி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

அடுத்த நாள் வேலியருகில் ரீக்கா அம்மாவின் முகமும் சரியில்லை.

“நேற்று ஏன் வரேல்லை?”

“நீங்கள் சொல்லேல்லையே, அம்மா.”

“என்னத்தைச் சொல்லுறது? பிறந்தநாள் எனக்கு. பக்கத்து வீடு உனக்கு. உங்களுக்கு ரெண்டு கதிரை போட்டு வைச்சிருந்தன். கடைசி வரைக்கும் ரெண்டும் சும்மா கிடந்துது.”

அவர்களில் பிறந்தநாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. சொந்தமும் அயலும் தாமாகவே நாளை நினைவு வைத்து வர வேண்டும். அழைத்தால்தான் அவமரியாதை, நீ அந்நியன் என்று சொன்னது போல. நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கோபித்துக்கொண்டிருக்க, அவர் அந்தப் பக்கம் இரண்டு வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

இரண்டு பேருக்கும் விளங்கியதும் சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது.

ஆடுகிற கதிரை

அடுத்த வருடம் போனோம். வாசலில் நுழைந்ததும் யானி என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உனக்கு வாழ்த்துகள்!” என்றார். எனக்கா? பிறந்தநாள் எனக்கில்லையே என்று நான் முழிக்க, அவர் விளங்கப்படுத்தினார். அவர்களில் பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்வதில்லையாம். வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, உன் அம்மாவின் பிறந்தநாளுக்கு உனக்கு வாழ்த்து, உன் அயலவரின் பிறந்தநாளுக்கு உனக்கு வாழ்த்து என்று சொல்லிச் சுற்றி வர வேண்டும். ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பது எல்லோருக்கும் கிடைத்த பாக்கியம் அல்லவா? எனக்கு அது கோயில் பிரகாரம் சுற்றுவது போல இருந்தது.

சுற்றி முடிந்து யன்னலோரம் வெறுமையாக இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தேன். அது ஒரு பக்கம் ‘டொக்’ என்று சரிந்தது. அதோடு அறையில் பேச்சும் நின்றுவிட்டது.

ரீக்கா அம்மா மெதுவாகச் சொன்னார்: “அது பீற்றருடையது.”

யானி குசினியில் வைத்துக் கதையைச் சொன்னார். பீற்றர், மூத்த மகன். தகப்பன் காலமான பிறகு பேக்கரியை எடுத்து நடத்துகிறவர். தகப்பன் காலத்தில் ஞாயிறு கடை பூட்டு. ஆனால் அப்டன் பார்க்கில் சனமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் சாமான் வாங்க வருகிறது. பூட்டி வைத்தால் கடையையே பூட்ட வேண்டியதுதான் என்று மகன் திறந்துவிட்டார். அம்மா ஒரே ஒரு வசனம் சொன்னாராம்: “ஞாயிற்றுக்கிழமைப் பாண் என்ரை தொண்டையாலை இறங்காது.” மகன் அதை, நீ என் வீட்டுக்கு வராதே என்று எடுத்துக்கொண்டார். அதிலிருந்து அந்தக் கதிரை வெறுமை. ஒவ்வொரு வருடமும் அம்மா போட்டு வைப்பார். யாரையும் இருக்க விடமாட்டார்.

வருடங்கள் போயின. ஒரு மாரி காலத்தில் ரீக்கா அம்மா படியில் சறுக்கி விழுந்து, வெகுநாள் மருத்துவமனையில் கிடந்தார். திரும்பி வந்தபோது கை நடுங்கியது. கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார்.

“வாற பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையிலை வருகுது,” என்றார் என்னிடம். “கேக்கைச் சனிக்கிழமை சுட்டு வைப்பம். எல்லாக் கதிரையையும் போடுவம். இன்னும் எத்தினை தரம் போடப் போறனோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.”

“அம்மா, அவருக்கு ஒருக்காச் சொல்லி அனுப்பலாமே?”

தலையை ஆட்டினார். “கூப்பிட்டு வாறவன் விருந்தாளி. எனக்கு விருந்தாளி வேண்டாம். பிள்ளைதான் வேணும்.”

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவர் “டக்!” என்றார். நான் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வேக் கோயிலுக்குப் போய் முருகனுக்கு முன்னால் நின்று யோசித்தேன். அம்மா அழைக்கமாட்டார். மகன் அழைக்காமல் வரமாட்டார். ஆனால் நாங்கள் அழைக்கலாமே! எங்களுக்குத்தான் அழைக்கத் தெரியுமே! அம்மாவின் முறையும் கெடாது.

பயமும் இருந்தது. இத்தனை வருடமும் அந்தக் கதிரை காத்திருக்கிற கதிரை. நான் போய்க் கேட்டு, அவர் வரமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டால், பிறகு அது வெறுங்கதிரை. அம்மா அதற்குப் பிறகு எதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்?

தட்டம் போன விதம்

இதோ, அந்தக் கடைக் கதவைத் தள்ளிவிட்டேன். மணி கிணுங்கியது.

பீற்றரை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. அதே எலும்பு, அதே நீலக் கண். முழங்கை வரை மா. என் பட்டுச் சேலையையும் இவரின் கோட்டையும் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நீங்கள் அம்மாவின்ரை பக்கத்து வீடு... அம்மாவுக்கு என்ன?”

ஐயோ முருகா! நாங்கள் இழவு சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை! நல்லா இருக்கிறா!” என்று நான் கத்தின கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. தட்டத்தை நீட்டினேன். வீட்டில் பாடமாக்கி வைத்த ஆங்கிலமெல்லாம் போன இடம் தெரியவில்லை. “வாற கிழமை ஞாயிறு அம்மாவின்ரை பிறந்தநாள். நீங்கள் குடும்பமா வரவேணும். சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனாங்கள்.”

அவர் தட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அம்மா அனுப்பினவவோ?”

ஓம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு லேசு! ஆனால் நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

“இல்லை,” என்றேன். “அவவுக்குத் தெரியாது.”

அவர் முகம் இறுகியது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு மனுசி பெருமூச்சு விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் இவர் முன்னால் வந்தார். போகாதே போகாதே என்று மறித்த அதே மனுசன்.

“ஒவ்வொரு வருசமும் உங்களுக்குக் கதிரை போடுறா,” என்றார். “யன்னலோரம். ஒரு கால் ஆடுற கதிரை. என்ரை மனுசி தெரியாமல் இருந்திட்டு, எழும்பின பாடு எனக்குத்தான் தெரியும்.”

பீற்றர் கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தக் காலை முறிச்சது நான்தான்,” என்றார். “ஏழு எட்டு வயசிலை. அப்பா ஒட்டினவர். வடிவா ஒட்டேல்லை.”

பிறகு இரண்டு கையையும் நீட்டித் தட்டத்தை வாங்கினார். எங்கள் முறைப்படி ஒரு கற்கண்டோ கொஞ்சம் சந்தனமோ எடுத்துக்கொண்டு தட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். அவருக்கு அது தெரியவில்லை. தட்டத்தோடு எல்லாவற்றையும் பரிசு என்று நினைத்து, தலை குனிந்து நன்றி சொல்லி, கொண்டுபோய் உள் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் பாண் சுற்றத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் தெருவுக்கு வந்தோம்.

“வருவாரோ?” என்றேன்.

“தெரியாது. தட்டம் போயிட்டுது. அது மட்டும் நிச்சயம்,” என்றார் இவர். “உம்மடை மாமாவுக்கு என்ன சொல்லப் போறீர்?”

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும்.

வட்டம்

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். வட்டம் நிறைந்துவிட்டது. டின் ஒரு சுற்று வந்து, மூடி ‘டக்’ என்றது. யன்னலோரக் கதிரையில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது.

ரீக்கா அம்மாவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான் மனதுக்குள் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திரை போடாத யன்னல் என்று சொன்னேன் அல்லவா? அதனால் முதலில் கண்டது என் சின்ன மகள்தான். “அம்மா! எங்கடை தட்டம்!”

தெருவில் ஒரு நெடிய மனிதர் நடந்து வருகிறார். பின்னால் மனைவி. இரண்டு கையாலும் எங்கள் வெள்ளித் தட்டத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார். அதன்மேல் பெரிய பின்னல் பாண் ஒன்று, சூரியனில் பொன்னாக. எங்களில் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. அதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை.

கதவு திறந்தது. ரீக்கா அம்மா இருந்த இடத்தில் இருந்தார். எழும்பவில்லை.

பீற்றர் நேரே அம்மாவிடம் போகவில்லை. அவர்கள் முறை அப்படி. தட்டத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வாசலடியில் இருந்த என்னிடம்தான் முதலில் வந்து கையைப் பிடித்தார்.

“உங்களுக்கு வாழ்த்துகள். உங்கள் அயல் வீட்டு அம்மாவின்ரை பிறந்தநாளுக்கு.”

நான் தலையை ஆட்டினேன். பிறகு இவருக்கு. பிறகு யானிக்கு, சகோதரங்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு கையாகக் குலுக்கி, வாழ்த்துச் சொல்லி, வட்டத்தைச் சுற்றி அவர் வர வர, அம்மாவின் கண்ணும் கூடவே சுற்றி வந்தது. அவ்வளவு நீளமான பிரகாரத்தை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை.

கடைசியாக அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. பாணைப் பார்த்தார்.

“எப்ப சுட்டது?”

“நேற்று, அம்மா. இண்டைக்குக் கடை பூட்டு.”

ரீக்கா அம்மா, மருமகள் நீட்டிய பாணை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“நல்லது. ஒரு நாள் பழசானாத்தான் வடிவா வெட்டலாம். இரு. கோப்பி ஆறுது.”

பீற்றர் போய் யன்னலோரக் கதிரையில் இருந்தார். கதிரை ‘டொக்’ என்று சரிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா சிரித்த சிரிப்பு! கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். வட்டம் முழுக்கச் சிரித்தது. சுவருக்கு அப்பால் எங்கள் வீட்டுச் சாமிப்படங்களும் கட்டாயம் ஆடியிருக்கும்.

இவர் என் காதுக்குள் குனிந்தார். “இஞ்சை பாரும். டின்.”

பிஸ்கற் டின் மேசையில் மறுபடி திறந்து கிடந்தது. யார் திறந்தார்கள் என்று தெரியாது. பொழுது படும்வரை அதை யாரும் மூடவில்லை.

சொன்னபடியே

அதற்குப் பிறகும் ரீக்கா அம்மா நல்லாய்ப் பல வருடம் இருந்தார். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் மடியில் வைத்தார். தொண்ணூறுகள் முடியப் போகிற ஒரு வசந்த காலத்தில், சாப்பிட்டு, வேதம் வாசித்து, கோப்பை கழுவுவதற்கு முன் கண்ணை மூடினார்.

யானி சொன்னது போல, அவரை நல்லவராக்கிவிடாமல் இதையும் எழுதுகிறேன். பீற்றர் அடுத்த ஞாயிறே கடையைத் திறந்துவிட்டார். அம்மா சாகும்வரை ஞாயிற்றுக்கிழமைப் பாணைத் தொடவில்லை. இரண்டு பேரும் தங்கள் சொல்லை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் பீற்றரின் பாண் வண்டி எங்கள் தெருவில் நிற்கும். இரண்டு பாண் இறங்கும். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எங்களுக்கு.

இப்போதும் அம்மாவின் பிறந்தநாளுக்கு யானி வீட்டில் வட்டம் போடுகிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாங்கள் போகிறோம்.

அண்மையில் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்வதைக் கேட்டேன். வெள்ளைக்கார அம்மா முருக பக்தையாகிவிட்டாராம். மகன் காலில் விழுந்து அழுதாராம். ஞாயிறு கடையை அன்றோடு பூட்டிவிட்டாராம். தட்டம் தங்கத் தட்டமாம்!

“அப்பிடியில்லை, பிள்ளை,” என்றேன். “வெள்ளித் தட்டம். ஒருத்தரும் காலிலை விழேல்லை. கை குலுக்கினவர்.”

அன்றுதான் எப்படியும் எழுதிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆகையால் வாசிக்கிற உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். இந்த அம்மாவின் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு யாராவது வராமல் இருக்கிற வீடுகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இருந்தபடியே சொல்லுங்கள். அம்மாவுக்கு எங்கள் சாமியைக் கொடுக்க வேண்டாம், அவருக்கு அவருடைய ஆண்டவர் இருந்தார். தட்டத்தைத் தங்கமாக்க வேண்டாம். அந்தக் கதிரையின் காலையும் தயவுசெய்து நேராக்கிவிடாதீர்கள்.